மரணம் நடந்த இடத்துக்கு எந்தக் கருவி முதலில் போக வேண்டும்?

போன மாதம் பழக்கமான ஒரு காவல் ஆய்வாளர் போனில் கேட்டார்: "மேடம், சந்தேக மரணம் நடந்த இடத்தைப் பதிவு பண்ண டிஜிட்டல் கருவி வாங்கலாம்னு பேச்சு நடக்குது. 3டி லேசர் ஸ்கேனர்னு ஒருத்தர் சொல்றாரு, ட்ரோன்னு இன்னொருத்தர் சொல்றாரு. நீங்க எதைச் சொல்வீங்க?" அன்று பிணவறையில் மூன்று உடல்கள் காத்திருந்தன. "ஸ்கேனர் இப்போ வேண்டாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் வேண்டாம், அப்படியானால் எது வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து உடல்களையும் பல ஆண்டுகள் உடற்கூறாய்வு மேசையில் பார்த்த தடயவியல் மருத்துவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இங்கே மரணம் ஒரே மாதிரி வருவதில்லை. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் விவசாயக் கிணறும் பூச்சிமருந்தும். தொப்பூர் கணவாயில் லாரி. ஒகேனக்கல்லில் காவிரி. ஓசூரில் தொழிற்சாலை வேலைக்கு வந்து வாடகை அறையில் தனியாகத் தங்கும் பிள்ளைகள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானை. அப்புறம் காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக இழுத்துவிடும் மின்கம்பி. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே போன்ற கம்பியில் ஒரு மனிதர் செத்தால், போலீஸ் வருவதற்குள் கம்பியைச் சுருட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

இவற்றில் பெரும்பாலானவை ஸ்டேஷன் பாஷையில் '174', அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு. தகவல் வந்ததும் நிலைய அதிகாரி நிர்வாக நடுவருக்குச் சொல்லிவிட்டு இடத்துக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு பேரையாவது வைத்துக்கொண்டு காயம், எலும்பு முறிவு, கன்றிய இடம் எல்லாவற்றையும் எழுதி, மேலோட்டமாகத் தெரியும் மரணக் காரணத்தைக் குறித்து, 24 மணி நேரத்துக்குள் அறிக்கையை அனுப்ப வேண்டும். 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 176(3) சொல்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் கிணற்றில் மிதக்கும் ஓர் உடல் முதல் நாளில் வெறும் 194 தான். நிபுணர் வண்டி அதற்குத் தானாகப் புறப்படாது. ஓர் எஸ்.ஐ., ஓர் ஏட்டு, வி.ஏ.ஓ., ஊர்க்காரர்கள் நாலு பேர். அந்த இடத்தைப் பார்ப்பவர்கள் இவர்கள்தான்.

மருத்துவர் இடத்துக்குப் போகும் வழக்கம் இங்கே ஏறக்குறைய இல்லை. மாலையில் கிடைத்த உடல் இரவு குளிர்ப்பெட்டிக்குப் போகிறது. சூரியன் மறைந்த பிறகும் உடற்கூறாய்வு செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதி கொடுத்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேகத்துக்கு இடமான மரணம் ஆகியவற்றை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய, இரவில் எடுக்கக் கூடாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது. எங்களுக்கு இடத்தின் விவரம் மிகவும் தேவைப்படும் உடல்கள்தான் காலைவரை காத்திருக்கின்றன. விடியும்போது உடல்சூடு போயிருக்கும். விறைப்பு மாறியிருக்கும். தூக்கி, புரட்டி, வண்டியில் ஏற்றி இறக்கியதில் துணி கலைந்திருக்கும்.

ஆகவே எந்தக் கருவியைப் பற்றிக் கேட்டாலும் என் கேள்வி ஒன்றுதான். அந்த ஒரே இரவில் தொலைந்துபோவதை இது பிடித்து வைக்குமா?

இப்போது நடப்பதையே முதலில் பார்ப்போம். இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், கையால் வரைந்த மாதிரி வரைபடம், யாராவது ஒரு காவலரின் சொந்த போனில் எடுத்த சில போட்டோக்கள், அவை வாட்ஸ்அப்பில் பயணம் செய்வது. இதன் விலை என்ன என்பதை ஒரு கிணறு எனக்குக் காட்டியது.

சில ஆண்டுகளுக்கு முன், நாற்பது வயதுள்ள ஒரு விவசாயி. காலையில் மேசையில் பார்த்தபோது இரண்டு அக்குளிலும் மார்பைச் சுற்றியும் தோல் உராய்ந்த பட்டை. அது கயிறு கட்டி மேலே தூக்கியபோது வந்தது. உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தின் ரத்தக் கசிவு அதில் இல்லை, அதில் குழப்பம் இல்லை. நெற்றியில் இருந்த பிளவுக் காயம்தான் கேள்வி. விழும்போது கிணற்றுப் படிக்கல்லில் மோதியதா, யாராவது அடித்துத் தள்ளினார்களா? மகஜரில் 'கிணற்றின் கிழக்குப் பக்கம் படிக்கட்டு உள்ளது' என்று ஒரு வரி இருந்தது. வந்த ஐந்து போட்டோக்களில் நான்கு, உடலை மேலே கிடத்திய பிறகு எடுத்தவை. அவற்றில் பாதி இடத்தைச் சுற்றி நின்றவர்களின் கால்கள் அடைத்திருந்தன. ஐந்தாவது மட்டும் கிணற்றுக்குள் பார்த்து எடுத்தது. பெரிதாக்கினேன். துருத்திக்கொண்டிருந்த ஒரு கருங்கல் படியின் முனையில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினால் படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. ரத்தமா, பாசியா, நிழலா? மூலப் படத்தைக் கேட்டேன். எடுத்த காவலர் போன் மாற்றிவிட்டார். அந்தக் காயத்துக்கு நான் எழுதிய கருத்து எந்தப் பக்கமும் சாயாத கருத்து. அதை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் இரண்டு ஆண்டு அலைந்தது. அந்தப் படிக்கல்லை இன்றும் நான் மறக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும்; எடுத்த நேரம், இடம், கேமரா பற்றிய உள்விவரங்களும் உதிர்ந்துபோகும். அதே படத்தை 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். செலவே இல்லாத இந்த மாற்றத்தை நாளைக்கே செய்யலாம். ஆனால் அதுவும் ஒட்டுப்போடுவதுதான்.

நான் முதலிடம் கொடுப்பது நிலையத்துக்கென்று வைக்கும் ஒரு சாதாரண போன் அல்லது டேப்லெட், அதோடு மாறாத ஒரு படவரிசை. விலை உயர்ந்த போன் தேவையில்லை. வரிசைதான் தேவை. உடலைத் தொடுவதற்கு முன் வாசலிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வாசலுக்கு. அறை என்றால் நான்கு மூலையிலிருந்தும். பிறகு உடலின் நான்கு பக்கமும். முகம், கழுத்து, இரண்டு உள்ளங்கை, இரண்டு புறங்கை, உள்ளங்கால். புரட்டிய பிறகு முதுகு. காயம் ஒவ்வொன்றையும் அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோலோடு ஒன்று, கேமரா செங்குத்தாக நிற்கும்படி. தூக்கு என்றால் முடிச்சு, மேலே கட்டிய இடம், காலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, பக்கத்தில் கிடக்கும் ஸ்டூல், எல்லாம் டேப்பை விரித்து வைத்து. அறுக்கும்போது முடிச்சை விட்டு எதிர்ப்பக்கம் அறுக்க வேண்டும் என்பதையும் அந்த வரிசையிலேயே எழுதி வைக்கலாம். விஷம் என்றால் டப்பாவின் லேபிளில் உள்ள மருந்துப் பெயர் படிக்கும்படி ஒரு படம்; ஆய்வகத்தில் எதைத் தேடச் சொல்லி எழுதுவது என்பதை எனக்கு அந்த லேபிள் சொல்லும்.

அளவுகோல் பற்றி ஒரு வார்த்தை. பல போட்டோக்களில் காயத்தின் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் இருக்கும். பழைய ஐந்து ரூபாய் 23 மில்லிமீட்டர், 2019-க்குப் பிறகு வந்தது 25 மில்லிமீட்டர். எந்த நாணயம் என்று தெரியாத படத்தில் ஒரு கத்திக் காயத்தின் நீளத்தை நான் என்னவென்று எழுதுவது? எல் வடிவத்தில் மில்லிமீட்டர் குறித்த தடயவியல் ஸ்கேல் சில நூறு ரூபாய்தான். இரண்டு பக்கமும் கோடு இருப்பதால், கேமரா சாய்ந்திருந்தால் அதை வைத்தே சாய்வைக் கண்டுபிடித்துவிடலாம்.

நிறமும் இப்படித்தான். போன் கேமரா தானாகவே தோலை மிருதுவாக்கும். இரவில் பல படங்களைக் கோத்து ஒன்றாக்கும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தை வெள்ளையாக்கப் பார்க்கும். செல்பிக்கு அது நல்லது, பிணத்துக்கு ஆகாது. அழகூட்டும் அமைப்புகளை அணைத்துவிட்டு, படத்தில் ஒரு நிற அட்டையும் வைத்தால் போதும். இந்த அக்கறை ஏன் என்பது ஓசூர் பக்கம் வரும்போது புரியும்.

டேப்லெட் என்றால் போட்டோவோடு படிவத்தையும் சேர்க்கலாம். ஓ.டி.கே., கோபோடூல்பாக்ஸ் போன்ற திறந்தமூலக் கருவிகளில் தமிழிலேயே படிவம் போடலாம். நெட்வொர்க் இல்லாத இடத்திலும் நிரப்பி வைத்துவிட்டு ஊருக்குள் வந்ததும் அனுப்பலாம். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிக் காடு என்று பார்த்தால் எனக்கு இதைவிட முக்கியமான தகுதி வேறு இல்லை. இணையம் இருந்தால் மட்டும் வேலை செய்யும் எந்தச் செயலியும் எங்கள் மலைகளில் பாதி வழியில் நின்றுவிடும். ஆனால் தகவல் தங்கும் சர்வர் அரசுடையதாக இருக்க வேண்டும்; அதில் சமரசம் கூடாது. படிவத்தில் நான் கட்டாயமாக்க விரும்பும் முதல் கேள்வி: 'நீங்கள் வருவதற்கு முன் உடலை யாராவது நகர்த்தினார்களா? யார், ஏன்?' காகித அறிக்கையில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பது அரிது. தூக்கில் தொங்கும் மகளை இறக்காமல் நின்று பார்க்க எந்தத் தாயாலும் முடியாது. அவர் இறக்கியது தவறும் இல்லை. எனக்கு அது தெரிந்தால் போதும்.

தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ஈ-சாக்ஷ்யா செயலி இதற்கு மாற்றா என்று ஆய்வாளர் கேட்கக்கூடும். மாற்று இல்லை, துணை. நேரமும் இடமும் பதிந்து வீடியோவைப் பாதுகாப்பான பெட்டகத்தில் சேர்ப்பது அதன் பலம். சோதனை, கைப்பற்றல் இவற்றுக்கு சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு கேட்கும் ஒலி-ஒளிப் பதிவுக்கு அது பொருத்தமாக இருக்கிறது. ஆனால் நடந்துகொண்டே எடுத்த வீடியோவில் காயத்தை அளக்க முடியாது. மருத்துவருக்கு நிலையான படங்கள் வேண்டும். நீதிமன்றத்துக்கு வீடியோவும் வேண்டும். ஒன்று இருக்கிறது என்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

நீதிமன்றம் என்றதும் ஹாஷ் வருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். பழைய 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உறுதி செய்தது. புதிய சட்டம் அதை இன்னும் இறுக்கியிருக்கிறது. ஹாஷ் என்றால் கோப்பின் கைரேகை. ஷா-256 முறையில் 64 எழுத்துள்ள ஒரு குறியீடு. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் குறியீடு அடியோடு மாறிவிடும். எடுத்த அன்றே, நிலையத்திலேயே, மூலக் கோப்புகளுக்கு இதைக் கணக்கிட்டு மகஜரோடு வைத்தால், மூன்று வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் 'இது அதே படம்தானா?' என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், சாதாரணக் கம்ப்யூட்டர் போதும்.

அடுத்தது வீடியோ கால். இடத்திலிருந்து பணியில் இருக்கும் தடயவியல் மருத்துவரை அழைத்து, "அந்தக் கையைக் கொஞ்சம் திருப்புங்க, நகத்தைக் காட்டுங்க" என்று கேட்க வைப்பது. இருப்பதிலேயே பெரிய பலன் இதில்தான் என்று தோன்றும். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு மருத்துவர் ஒரு நாளில் மூன்று நான்கு உடற்கூறாய்வு செய்துவிட்டு, மாலையில் நீதிமன்ற சம்மனுக்கு ஓடுபவர். அவருக்கு முறைப்பணி ஏற்பாடு இல்லாமல் இதைத் தொடங்கினால் ஒரே மாதத்தில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். படவரிசை ஒழுங்காக இருந்தால், கால் தேவைப்படும் மரணங்கள் குறையும். அதனால் இது இரண்டாம் கட்டம்.

இனி, பேச்சில் பெயர் அடிபடாத இரண்டு சின்னக் கருவிகள். இவற்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

ஒன்று, வெப்பநிலை. இறந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுதான் போலீஸ் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி. உடல் குளிரும் வேகத்தை வைத்துக் கணக்கிட ஜெர்மனியின் கிளாஸ் ஹென்ஸ்கே தந்த வரைபட முறை உலகம் முழுவதும் பயன்படுகிறது. உடல்சூடு, சுற்றுச்சூழல் வெப்பம், உடல் எடை மூன்றும் வேண்டும். எல்லாம் சரியாக அளந்தாலும், நல்ல சூழலில்கூட 2.8 மணி நேரம் முன்பின் தவறு வரும் என்று அந்த முறையே சொல்லிவிடுகிறது. இங்கே நம் ஊர் நுழைகிறது. மே மாதப் பகலில் தருமபுரியில் காற்றே உடல்சூட்டை எட்டிவிடும். உடல் குளிரவே வழியில்லை, முறை உதவாது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவில் அங்கே உடல் நன்றாகக் குளிரும், கணக்கு பலிக்கும். ஆக ஒரே கருவி சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, ஆறு மாதம் தள்ளி, வேறு வேறு மதிப்புள்ளது.

யார் அளப்பது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஆழ்ந்த உடல்சூட்டை மலக்குடல் வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதை போலீஸ் செய்யக் கூடாது. பாலியல் வன்முறைச் சந்தேகம் இருந்தால் மாதிரிகள் எடுப்பதற்கு முன் யாருமே செய்யக் கூடாது. நெற்றியில் காட்டும் அகச்சிவப்புத் துப்பாக்கி தோலின் மேல்சூட்டை மட்டும் சொல்லும், அது இதற்கு உதவாது. மருத்துவமனையில் கிடைக்கும் காய்ச்சல் டிஜிட்டல் தெர்மாமீட்டர் பெரும்பாலும் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அளக்காது. அதனால் என் பரிந்துரை வேலையைப் பிரித்துக்கொள்வது. இடத்தில் ஏட்டு, வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சின்ன லாகரை உடலின் அருகே நிழலில் வைத்து, மின்விசிறி ஓடியதா, ஜன்னல் திறந்திருந்ததா, போர்வை இருந்ததா என்பதைப் படிவத்தில் குறிக்கட்டும். மருத்துவமனையில் பணி மருத்துவர், குளிர்ப்பெட்டிக்குள் வைப்பதற்கு முன், நீண்ட முனையுள்ள தெர்மாமீட்டரால் உடல்சூட்டை எடுத்து நேரத்தோடு எழுதட்டும். இந்த இரண்டு எண்கள் என் கையில் காலையில் இருந்தால், நான் ஊகத்தை விட்டுக் கணக்குக்கு வருவேன். உடல் பல நாள் கிடந்த இடம் என்றால், லாகரை இன்னும் ஒரு வாரம் அங்கேயே விட்டுவைக்கலாம். ஈப்புழுவின் வளர்ச்சியை வைத்து நாள் கணக்கிட அந்தப் பதிவு உதவும்.

இரண்டாவது, நான்கு வாயுவை அளக்கும் கைமீட்டர். ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, தீப்பிடிக்கும் வாயு. காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே இறங்கினால் மீட்டர் கத்தும். பாழுங்கிணறு, கழிவுநீர்த் தொட்டி இவற்றில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசையாகச் சாவதை நாம் செய்தியில் படித்துக்கொண்டே இருக்கிறோம். அந்த இடத்துக்கு முதலில் போகும் காவலரும் ஒரு குடும்பத்தின் பிள்ளைதான். தடயத்துக்கு முன் அவர் உயிருக்கு இந்தக் கருவி வேண்டும்.

தடயத்துக்கும் வேண்டும். ஓசூரில் குளிருக்குப் பூட்டிய குளியலறையில் கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது திருமணமாகிச் சில ஆண்டே ஆன ஓர் இளம் பெண் இறந்து கிடக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவை உடைத்ததும் எல்லோரும் செய்வது கீசரை அணைப்பதும் ஜன்னலைத் திறப்பதும்தான். செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் கார்பன் மோனாக்சைடு அதோடு போய்விடுகிறது. எனக்கு உடலில் கிடைக்கும் குறிப்பு, ரத்தம் தேங்கிய இடத்தில் தெரியும் செர்ரிச் சிவப்பு நிறம். நம் தோல் நிறத்தில் அது எளிதில் தெரியாது, நகக்கண்ணிலும் உதட்டின் உட்புறத்திலும் தேட வேண்டும். அதற்கும் மேல் ஒரு சிக்கல்: இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் கிடந்த உடலிலும் தேங்கிய ரத்தம் இளஞ்சிவப்பாக மாறும். காலையில் நான் பார்க்கும் சிவப்பு வாயுவால் வந்ததா, குளிரால் வந்ததா? நிற அட்டையோடு இடத்தில் எடுத்த ஒரு படமும், கதவருகே நீட்டிய மீட்டரின் எண்ணைக் காட்டும் ஒரு படமும் இருந்தால் சந்தேகம் அங்கேயே தெளியும். ரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின், பார்க்கச் சொல்லி உடனே எழுதிவிடுவேன். இல்லையென்றால், திருமணமாகி 7 ஆண்டுக்குள் என்பதால் கோட்டாட்சியர் விசாரணை, இரு வீட்டாரின் சண்டை, ஊர்ப்பேச்சு என்று அந்தப் பெண்ணின் பெயரை வைத்து ஒரு கதையே வளர்ந்துவிடும்.

360 டிகிரி கேமராவை விரைவாகச் சொல்லிவிடலாம். அறைக்கு நடுவில் வைத்து ஒரு பொத்தான்; மூலை முடுக்கெல்லாம் வந்துவிடும். யார் எங்கே நின்றார், கதவுத் தாழ்ப்பாள் எப்படி இருந்தது என்று பிறகு திரும்பிப் பார்க்க நல்லது. அளவுக்கு ஆகாது. பணம் மிஞ்சினால் உட்கோட்டத்துக்கு ஒன்று.

போட்டோகிராமெட்ரி கொஞ்சம் கூடுதல் கவனத்துக்கு உரியது. ஒன்றோடொன்று 60 முதல் 80 சதவீதம் மேவும்படி நிறையப் படங்கள் எடுத்து, மென்பொருளில் போட்டால் இடத்தின் 3டி உருவம் கிடைக்கும். மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். படத்தில் அளவுக்கோல்கள் இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் அளவும் நம்பகமாக இருக்கும். பளபளக்கும் தரை, கண்ணாடி, தண்ணீர் இவற்றில் தடுமாறும்; ஆகவே கிணற்றின் சுவருக்கு உதவும், நீர்ப்பரப்புக்கு உதவாது. என் படிக்கல் இதில் தப்பியிருக்கும். 2020 முதல் வந்த ஐபோன் புரோ வகைகளில் உள்ள, லேசரால் தூரம் அளக்கும் லைடாரும் ஐந்து மீட்டர் அளவுக்குள் அறையின் வரைபடத்தைச் சில நிமிடத்தில் தரும். ஒரு சென்டிமீட்டர் போலத் தவறு இருக்கும். மாதிரி வரைபடத்துக்கு அது தாராளம், காயத்துக்கு அல்ல. இரண்டிலும் 3டி உருவம் விளக்கத்துக்குத்தான். சாட்சியம் என்பது ஹாஷ் போட்டு வைத்த மூலப் படங்களும் பதிவுகளும்தான் என்பதை மறக்கக் கூடாது. மாவட்டத்துக்கு இரண்டு பேருக்கு இதில் பயிற்சி கொடுத்தால் போதும்.

ட்ரோன் தொப்பூருக்காகவே பேச வேண்டிய கருவி. தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரிகள் அடுத்தடுத்து மோதினால், போக்குவரத்தைத் திறந்துவிடச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும். டயர்த் தடம், கண்ணாடிச் சிதறல், உடல் கிடந்த இடம் எல்லாம் கிரேன் வந்ததும் போய்விடும். பத்து நிமிடம் பறக்கவிட்டு எடுத்த படங்களில் முழு வளைவும் அளவோடு கிடைக்கும். 2021 ட்ரோன் விதிகளின்படி பறக்கும் மண்டலங்களை முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கணவாய்க்கு ஒன்று என்றால் நான் ஆதரிப்பேன். வீட்டுக்குள் நடக்கும் மரணத்துக்கு அது எதுவும் செய்யாது.

சரி, லேசர் ஸ்கேனர். அதன் துல்லியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நொடிக்கு லட்சக்கணக்கில் புள்ளிகள், சில மில்லிமீட்டருக்குள் அளவு. சுவரில் தெறித்த ரத்தத் துளிகள், துப்பாக்கி ரவை சென்ற பாதை இவற்றுக்கு அதற்கு இணை இல்லை. மலையோர ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி வெடித்த வழக்கில் எனக்கே அது ஆசையாக இருக்கும். ஆனால் விலை பல லட்சம். இயக்க, கணக்கிட, பராமரிக்கத் தனி ஆள். வாங்கினால் மாவட்டத்துக்கு ஒன்று, அல்லது நான்கு மாவட்டம் சேர்ந்த சேலம் சரகத்துக்கு ஒன்று. சேலத்திலிருந்து அஞ்செட்டிக்கு அந்த வண்டி போய்ச் சேர்வதற்குள் உடல் மருத்துவமனைக்கு வந்துவிடும். அதற்குள் நகர்ந்துவிட்ட இடத்தை மில்லிமீட்டர் துல்லியத்தோடு அளந்து என்ன பயன்? சரகத்துக்கு ஒன்று இருக்கட்டும். கொலை என்று உறுதியாகத் தெரிந்து, இடத்தைப் பூட்டி வைத்துக் காக்க முடிந்த வழக்குகளுக்கு. இந்த இரண்டு மாவட்டத்தின் முதல் ரூபாய் அதற்குப் போகக் கூடாது.

எந்தக் கருவி வந்தாலும் ஒன்றை முன்பே கட்டிப்போட வேண்டும். இறந்தவரின் படம் யாருடைய சொந்த போனிலும் தங்கக் கூடாது. குளியலறையில் இறந்த பெண்ணின் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது என்று ஒரு தகப்பன் என் முன்னால் வந்து நின்றிருக்கிறார். அவர் புகார் கொடுக்க வரவில்லை; "இதை எப்படியாவது அழிச்சிடுங்கம்மா" என்று மட்டும்தான் கேட்டார். என்னால் முடியவில்லை. ஆகவே நிலையத்தின் கருவியில் பகிரும் வசதியையே பூட்டிவிட வேண்டும். மருத்துவருக்கும் விசாரணை அதிகாரிக்கும் மட்டும் தனித் திறவு. யார் எப்போது பார்த்தார் என்ற பதிவு. செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது கேமராவின் மெகாபிக்ஸலைவிட இதை முதலில் கேளுங்கள்.

ஆய்வாளருக்கு எழுதி அனுப்பியதும் ஏறக்குறைய இதுதான். நிலையத்துக்கு ஒரு பை: பூட்டிய டேப்லெட், எல் ஸ்கேல் இரண்டு, நிற அட்டை, ஐந்து மீட்டர் டேப், நல்ல வெள்ளை விளக்கு, லாகர், வாயு மீட்டர், கையுறை. இரண்டு மாவட்டத்து மருத்துவமனைகளின் உடல் வாங்கும் இடத்திலும் நீண்ட முனைத் தெர்மாமீட்டர் ஒன்று. அதற்குப் பிறகு தொப்பூருக்கு ட்ரோன், மாவட்டத்துக்கு இருவருக்குப் போட்டோகிராமெட்ரிப் பயிற்சி. ஸ்கேனர் சரகத்தின் கணக்கில்.

மறுநாள் அவர் கூப்பிட்டார். விலையைக் கேட்கவில்லை. "மேடம், பை யார் பொறுப்பில இருக்கும்? எஸ்.ஐ. மாறிட்டே இருப்பாங்க." நான் யோசிக்காத கேள்வி. இருவரும் பேசி முடிவு செய்தது: ஸ்டேஷன் ரைட்டரின் பதிவேட்டில் பை ஏறும், இரவு ரோந்து வண்டியில் இருக்கும், காலை ரோல் காலின்போது டேப்லெட்டின் சார்ஜும் வாயு மீட்டர் அளவு சரிபார்த்த தேதியும் வாசிக்கப்படும். ஒரு நிலையத்தில் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கிறோம். எந்த நிலையம் என்று கேட்டேன். கிணறு அதிகம் உள்ள ஒன்றைச் சொன்னார்.